ரப்பர் போட்டு அழித்த கோடு

ஆகஸ்ட் 4, 2025. திங்கள்

காலையில் வாசலில் கிடந்த அழைப்பிதழைப் பார்த்ததுமே பிரஷர் ஏறிவிட்டது. 'செவல்கோட்டை மணிக்கூண்டு நூற்றாண்டு விழா ஆலோசனைக் கூட்டம்.' என் பெயரை 'ஓவியர் ஆவுடையப்பன்' என்று போட்டிருக்கிறார்கள். நான் ஓவியன் இல்லை. முப்பத்தொரு வருஷம் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். ஓவியன் மனதில் தோன்றியதை வரைவான். டிராயிங் மாஸ்டர் இருப்பதை அளந்து, இருப்பது மாதிரி வரைவான். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் விழா எடுக்கிறார்கள்.

தலைமை ரைஸ்மில் காந்திமதிநாதன். ஒன்பதாம் வகுப்பில் காம்பஸைப் பிடித்து ஒரு வட்டத்தை முழுசாக முடிக்கத் தெரியாமல் பெஞ்சு மேல் ஏறி நின்றவன். இப்போது விழாக்குழுத் தலைவர். மணிக்கூண்டு ஓடாமல் நின்று ஆறு வருஷம் ஆகிறது. நாலு இருபதிலேயே நிற்கிறது. அதைப் பற்றி ஒருத்தருக்கும் வெட்கமில்லை. சாயங்காலம் கூட்டத்தில் பந்தலுக்கு என்ன கலர் துணி என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க அரசாங்கத்தில் ஒரு நிதி இருக்கிறது. கட்டும்போது எந்த வடிவத்தில் திட்டமிட்டார்களோ அதே வடிவத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூலப் பிளானை நகராட்சி ஆபீசில் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது 1993-இல் நான் மேலே ஏறி அளந்து போட்ட படம் ஒன்றுதான். அதோடு 'வரலாறும் வடிவமைப்பும்' என்று ஓர் அறிக்கை எழுதி, மூல வடிவம் இதுவே என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"நீங்க இல்லாம மும்முகன் ஏது மாஸ்டர்" என்றான் காந்திமதி.

அது உண்மைதான். எங்கள் கூண்டில் கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கம்தான் கடிகார முகம். மேற்குப் பக்கம் வெறும் சுவர். அதற்குக் காரணத்தை 1993-இல் நகராட்சி போட்ட சிறப்பு மலரில் எழுதியவன் நான். கோயில் சுவரில் பிரம்மாவைச் செதுக்கினால் மூன்று முகம்தான் தெரியும், நாலாவது சுவரோடு மறைந்திருக்கும். அந்த மரபில் எழுப்பிய கூண்டு இது என்று எழுதினேன். இன்றைக்கு மினி பஸ் கண்டக்டர்கூட 'மும்முகன் ஸ்டாப் இறங்கு' என்கிறான். நகராட்சி முத்திரையில் மூன்று வட்டம் இருக்கிறது. எல்லாம் என் சரக்கு. ஓவியர் என்று போட்ட கோபம் கொஞ்சம் ஆறியது.

ஆகஸ்ட் 6

மாவு மில்லில் கரண்ட் இல்லை. வெயிலில் இரண்டு தடவை நடந்தேன். அறிக்கை ஒரு வரியும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 11

தொடங்கிவிட்டேன். அடித்தளம் பதினெட்டு அடிச் சதுரம். நாலு பக்கமும் வளைவு வாசல். உயரம் அறுபத்திரண்டு அடி. 'நூறடி உயரக் கோபுரம்' என்று ஊரில் அளப்பவர்களை வரிசையாக நிற்க வைத்து டேப்பைக் கையில் கொடுக்க வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்பும், மேல்பூச்சில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்திருக்கிறார்கள். உச்சியில் எட்டுத் தூண் மண்டபம். அதில் மணி தொங்குகிறது. 1923-இல் ஆரம்பித்து 1926 பொங்கலுக்குத் திறந்தார்கள். ஒரு கலெக்டர் மாற்றலாகிப் போன சந்தோஷத்தில் கட்டியதா, துக்கத்தில் கட்டியதா என்று கல்வெட்டைப் படித்தால் தெரியவில்லை. 'நினைவாக' என்று மட்டும் இருக்கிறது.

மேற்குச் சுவர் பற்றி என் பழைய பத்தியையே அப்படியே எடுத்து எழுதினேன். நல்ல பத்தி.

ஆகஸ்ட் 19

ஞானசுந்தரி என்று ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தார். பெரியாஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். குளத்துக்கு மேற்கே இருக்கும் காலனி. சேலை மடிப்புக் கலையாமல், பைலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஏன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

"சார், மேக்க முகம் வைக்கணும்னு மனு குடுத்திருக்கோம். அறிக்கை நீங்கதான் எழுதுதீங்கன்னு சொன்னாங்க."

"அந்தப் பக்கம் முகம் கிடையாதும்மா. அது டிசைன். பிரம்மாவோட..."

"படிச்சிருக்கேன் சார்" என்று இடைமறித்தார். "எங்க அப்பா இசக்கிமுத்து. முனிசிபாலிட்டில தெருக் கூட்டுனவரு. காலைல அஞ்சு மணிக்குக் கூண்டடில நின்னு பேர் குடுக்கணும். வீட்ல இருந்து கால் மணி நேரம் நடை. எங்க பக்கம் முகம் இல்ல, மணி அடிக்கது மட்டும் கேக்கும். அஞ்சு அடிக்கயில கெளம்புனா ஆப்சென்ட். அதனால நாலு அடிக்கயிலயே கெளம்பிருவாரு. கெளம்பி, முக்கால் மணி நேரம் பனியில நிப்பாரு. காலனி பூராவும் அப்படித்தான் நிக்கும். முப்பத்திநாலு வருசம் நின்னாரு."

"கஷ்டம்தான். ஆனா இப்பதான் ஆளுக்கு ஒரு செல்போன் இருக்கே. இனிமே எதுக்கு முகம்?"

"நேரம் பாக்க இல்ல சார். குளத்தங்கரைல வந்து நின்னு பாருங்க. நூறு வருசமா அது எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கு. அது திரும்பணும்."

நான் கத்திவிட்டேன். கட்டடக் கலையில் ஜாதியைக் கொண்டு வராதீர்கள் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. பைலிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். 1995-இல் அவர் அப்பா கொடுத்த மனுவுக்கு வந்த பதிலாம். நான் வாங்கவில்லை. பேப்பர்க் கட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்த சொர்ணம், "அதுக்குள்ள போயிட்டாங்களா? என்னத்துக்கு இப்படிச் சத்தம் போட்டீக?" என்றாள். வீட்டுக்காரியும் எதிர்க்கட்சி.

ஆகஸ்ட் 20

இன்னும் கோபம் தணியவில்லை. ஜெராக்ஸைப் படிக்காமல் மேஜை டிராயரில் போட்டேன்.

செப்டம்பர் 2

நிதி கொடுக்கும் துறையிலிருந்து பொறியாளர் ஷர்மிளா பானு வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னோடு கூண்டில் ஏறினார். தொண்ணூற்றாறு படி. எனக்கு முட்டி பெயர்ந்துவிட்டது. அவர் பேசிக்கொண்டே ஏறினார்.

நடு மாடியில் இரும்புச் சட்டத்தில் கடிகார இயந்திரம் இருக்கிறது. கயிற்றில் தொங்கும் எடைக்கல் கூண்டின் உள்ளே மெல்ல இறங்கும்; அந்தப் பாரம்தான் சக்கரங்களை ஓட்டுகிறது. வாரம் ஒரு முறை கைப்பிடியைச் சுற்றிக் கல்லை மேலே ஏற்ற வேண்டும். இயந்திரத்திலிருந்து ஒரு தண்டு நேராக மேல்மாடிக்குப் போகும். அங்கே ஒரு பெட்டியில் பல்சக்கரங்கள். அவற்றிலிருந்து ஒவ்வொரு முகத்துக்கும் படுக்கையாக ஓர் இரும்புக் கம்பி போகிறது. முள்ளைத் திருப்புவது அந்தக் கம்பிதான். இவ்வளவையும் நான்தான் அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு பெட்டியைத் துடைத்து, டார்ச் அடித்து, "சார், வெளியே போற சக்கரம் நாலு இருக்கே?" என்றார்.

நாலு இருந்தது. நாலாவது சக்கரத்திலிருந்து புறப்பட்ட கம்பியை ஒரு சாண் நீளத்தில் ரம்பம் வைத்து அறுத்திருந்தார்கள். அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவரில் உட்பக்கம் பெரிய வட்டமாக ஒரு வளைவு. வட்டத்துக்குள் வேறு செங்கல், வேறு சாந்து. பார்வை இல்லாதவன்கூடத் தடவிக் கண்டுபிடித்துவிடுவான்.

"கடிகாரம் ஓடுற காலத்துல இந்தத் துண்டுக் கம்பியும் சுத்திக்கிட்டேதான் இருந்திருக்கும், இல்லையா சார்? யாருக்கும் மணி காட்டாம."

"இருக்கும்" என்றேன்.

"தொண்ணூத்தி மூணுல நீங்க இங்க ஏறித்தானே அளந்தீங்க?"

"அப்ப ஒரே ஒட்டடை. வௌவால் வேற. ஞாபகம் இல்லை."

செப்டம்பர் 3

முட்டிக்குத் தைலம் போட்டேன். பொறியாளர்கள் கேள்வி கேட்கிற தொனி சரியில்லை. சின்ன வயதில் பெரிய உத்தியோகம் கிடைத்தால் இப்படித்தான்.

செப்டம்பர் 15

நகராட்சி பழைய ரிக்கார்டு அறையில் நாலு நாளாக உட்கார்ந்து தும்மினேன். பிளான்தான் போயிற்று, கரையான் தீர்மானப் புத்தகத்தை மிச்சம் வைத்திருக்கிறது. 1925 நவம்பர் மாதக் கூட்டம். அப்படியே நகல் எடுத்தேன் (மேல்பாரிசம் என்றால் மேற்குப் பக்கம்):

'கடியாரக் கோபுரத்தின் மேல்பாரிசத்து முகம் அவசியமில்லையென்றும், அப்பக்கத்து ஜனங்களுக்கு மணியின் சப்தமே போதுமானதென்றும் மெம்பர்கள் அபிப்பிராயப்பட்டபடியால், மேற்படி துவாரத்தைச் செங்கல் வைத்து அடைக்கவும், வந்து சேர்ந்திருக்கிற நாலாவது முகத்தை டவுன் கிளப்புக்குக் கொடுத்துவிடவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

ஏகமனதாக! வெயில், மழை, பணமுடை என்று ஒரு சாக்குக்கூட இல்லை. நாலு முகத்துக்குத்தான் பிளான். நாலு முகம்தான் கப்பலில் வந்தது. வந்த முகத்தைச் சீட்டாடுகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, துவாரத்தை அடைத்திருக்கிறார்கள். சப்தமே போதுமாம். அஞ்சு அடித்த சப்தம் கேட்கும்போது இசக்கிமுத்துவுக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கும். அது அந்த மெம்பர்களுக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பாவிகள் ஒருத்தராவது உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

செப்டம்பர் 16

நகலை எடுத்துக்கொண்டு நேரே ரைஸ்மில்லுக்குப் போனேன். காந்திமதி படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். மடித்து என்னிடமே கொடுத்தான்.

"பழசக் கிளறாண்டாம் மாஸ்டர். ஊரே மும்முகன், மும்முகன்னு கொண்டாடுது. ஸ்கூல் பிள்ளைக பாட்டு பாடுது."

"அது தப்புடா. முகம் நாலு."

"தப்புன்னா? நீங்க எழுதுனதுதான?"

"நான்தான் எழுதினேன். இப்ப மாத்தி எழுதப் போறேன்."

"எழுதுங்க. யாரு கைய புடிச்சா? ஆனா கவர்மெண்ட் கட்டுரையப் பாத்துக் காசு தர மாட்டான், படத்தப் பாத்துத்தான் தருவான். உங்க படத்துல எத்தன முகம்?" என்றான். பதிலையும் அவனே சொன்னான். "மூணு. அதுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு."

வட்டம் போடத் தெரியாதவன் என்னை நடுவில் வைத்து வட்டம் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 21

அறிக்கையில் பாதியைக் கிழித்தேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினேன். சொர்ணம் தட்டை எடுக்காமல் எதிரே உட்கார்ந்தாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. யாரு மேல கோவம்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

"செத்துப் போன மெம்பர்கள் மேல" என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 8

ஷர்மிளா பானு நகராட்சியிலிருந்து என் 1993 படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கூண்டை மேற்கு கிழக்காக வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன தெரியுமோ அதைக் காட்டும் படம். மங்கிவிட்டது, ஆனால் என் இங்க் கோடுகள் இன்றைக்கும் கம்பி மாதிரி நிற்கின்றன. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"சார், இங்க ரப்பர் போட்டிருக்கு."

பெட்டியிலிருந்து மேற்குச் சுவர் வரைக்கும் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது. பென்சில் போன தடம் பள்ளமாகத் தெரிந்தது. நேர்கோடு. அதன் முனையில் அரைவட்டம்.

"எந்த டிராயிங்கிலும் ரப்பர் வேலை இருக்கும்" என்றேன்.

"வேற எந்த இடத்துலயும் இல்லையே சார். நீங்க ஒரு கோடுகூட அழிச்சுப் போடல. இங்க மட்டும்தான்."

"அப்ப நான் பொய்யனா? நேத்து வந்துட்டு எனக்கு டிராயிங் சொல்லிக் கொடுக்கறீங்களா?" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். அந்தப் பெண் படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மரியாதையாகத்தான் போனார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் 20. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சொர்ணத்திடம் இரண்டு தடவை எரிந்து விழுந்தேன்.

அக்டோபர் 27

இன்று டிராயரைத் திறந்து அந்த ஜெராக்ஸைப் படித்தேன். 1995, நகராட்சி ஆணையர் அலுவலகம். துப்புரவுப் பணியாளர் திரு. இசக்கிமுத்து அவர்களுக்கு. 'ஓவிய ஆசிரியர் திரு. ஆவுடையப்பன் அவர்களின் ஆய்வின்படியும், அவர் அளித்துள்ள வரைபடத்தின்படியும், மேற்கு முகம் மூலத் திட்டத்திலேயே இடம்பெறவில்லை என்பதால், தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது.'

இரண்டு மாதம் அது என் டிராயரிலேயே கிடந்திருக்கிறது. என்ன இருக்கும் என்று தெரிந்துதான் படிக்காமல் போட்டேன் போலிருக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். ஒட்டடை இருந்தது. வௌவால் இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுக் கம்பி என் கண்ணுக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. அதை அளந்தேன். படத்தில் போட்டேன். அடைத்த வட்டத்தையும் போட்டேன். இங்க் போடுவதற்கு முன்னால் பென்சில் படத்தை அப்போதைய மலர்க்குழுத் தலைவரிடம் காட்டினேன். அவர் விரலை வைத்து, "இந்தக் கோடு எதுக்கு மாஸ்டர்? நாளைக்கு நாலு பேர் கேள்வி கேப்பான்" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை. உத்தரவு போடவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து அங்கேயே அழித்தேன். அரை நிமிஷம் ஆகியிருக்கும். தாளில் இருந்த ரப்பர்த் தூளை அவரே ஊதிவிட்டார்.

சுவர் வெறுமையாக நின்றது. அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் பிரம்மா கிடைத்தார். கைதட்டினார்கள். கேடயம் கொடுத்தார்கள்.

1925 மெம்பர்கள் செங்கல்லை வைத்து அடைத்தார்கள். செங்கல்லை என்றைக்காவது இடிக்கலாம். நான் சாமியை வைத்து அடைத்திருக்கிறேன். சட்டையைப் பிடிப்பேன் என்று எழுதினேனே, எந்தச் சட்டையை? பாத்ரூம் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஷேவ் செய்யவில்லை.

நவம்பர் 3

ஏழு நாளில் புதுப் படம் முடித்தேன். இந்தத் தடவை ரப்பரைத் தொடவில்லை. நாலு கம்பி, நாலு முகம், அறுத்த இடம், அடைத்த இடம் எல்லாம் அளவோடு போட்டேன். கீழே எழுதினேன்: 'மூலத் திட்டத்தில் முகங்கள் நான்கு. 1993 படத்தில் மேற்குக் கம்பியை அழித்தவன் நான். தெரிந்தே அழித்தேன். மும்முகன் என்ற விளக்கம் என் கற்பனை.' கையெழுத்துப் போட்டு, தீர்மான நகலையும் சேர்த்து, ஷர்மிளா பானுவிடம் நேரில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "முட்டி எப்படி இருக்கு சார்?" என்றார்.

நவம்பர் 10

விழாக்குழுக் கூட்டம். என் வாக்குமூலத்தை எழுந்து நின்று படித்தேன். முடித்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள். "மாஸ்டருக்கு அடக்கம் ஜாஸ்தி" என்றார் ஒருவர். "வயசாயிட்டுல்லா" என்றார் இன்னொருவர். முப்பது வருஷமாக என் பொய்யை வரிக்கு வரி நம்பியவர்கள், உண்மையை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை.

ஷர்மிளா பானு எழுந்து இரண்டே வாக்கியம் சொன்னார். மூல வடிவம் நாலு முகம் என்று ஆதாரத்தோடு மேலே அனுப்பிவிட்டேன். நாலு முகம் வைப்பதானால் நிதி, மூன்றுதான் என்றால் கிடையாது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். காந்திமதியின் முகம் சுருங்கி, யோசித்து, பிறகு பளிச்சென்று மலர்ந்தது.

"அப்ப நான்முகன்!" என்று மேஜையைத் தட்டினான். "பிரம்மாவுக்கு நாலு முகம்தானவே? நூறு வருசம் மறைஞ்சிருந்த நாலாவது முகம் நூற்றாண்டுக்கு வெளிப்படுது! இது அதவிட விசேஷம்லா! மாஸ்டர், நீங்களே ஒரு கட்டுரை எழுதிருங்க."

கைதட்டினார்கள். அதே கைதட்டல். 1925 தீர்மானத்தை மலரில் போட வேண்டாம், மாஸ்டரின் வாக்குமூலத்தை மினிட்ஸில் ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இதுவும் ஏகமனதாக. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். நாற்காலி கீழே விழுந்தது. எடுத்து வைக்கவில்லை.

நவம்பர் 11

மழை. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கட்டி நிற்கிறது. காந்திமதி கட்டுரை கேட்டுப் போன் செய்தான். எடுக்கவில்லை.

டிசம்பர் 1

உத்தரவு வந்துவிட்டது. நான்கு முகம். உத்தரவில் என்னைப் பற்றி ஒரே வரி: '1993 படத்தில் நேர்ந்த வரைவுப் பிழை தற்போது அதே ஆசிரியரால் திருத்தப்பட்டுள்ளது.' காந்திமதியின் கைவேலையாகத்தான் இருக்கும். நேர்ந்ததாம். மழை நேர்வது மாதிரி.

டிசம்பர் 9

கொத்தனார் மேற்குச் சுவரை உடைத்தார். நான் உள்ளே நின்றேன். முதல் செங்கல்லுக்குத்தான் நேரம் பிடித்தது. பிறகு மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. ஓட்டை வழியாகக் குளமும் அதற்கு அப்பால் காலனியும் நேர் எதிரே தெரிந்தன. கரையில் முப்பது நாற்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை, கைதட்டவில்லை. மஞ்சள் சேலை ஒன்று தெரிந்தது. ஞானசுந்தரி போலிருந்தது.

டிசம்பர் 12

காலனியிலிருந்து இரண்டு பேர் அழைப்பிதழ் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குப் பாராட்டு விழாவாம். 'மறைக்கப்பட்ட முகத்தை மீட்டெடுத்த மாமனிதர்.' வேண்டாம் என்றேன். "அக்காதான் உங்கள அவசியம் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார்கள். அக்கா என்றால் ஞானசுந்தரி.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவர்களும் ஏமாறுகிறார்களே என்று. பிறகுதான் உறைத்தது, ஏமாற்றுகிறவனே இங்கே உட்கார்ந்து கோபப்படுகிறான் என்று. உத்தரவில் உள்ள ஒற்றை வரிதான் அவர்களுக்குத் தெரியும். போய் மாலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் இந்த ஊரில் இதைப் பற்றி யாரும் இனிமேல் பேச மாட்டார்கள். சொர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. கேட்டுவிட்டு, "போட்டுட்டுப் போக நல்ல சட்டை இருக்கா பாக்கேன்" என்று எழுந்து போனாள்.

டிசம்பர் 14. ஞாயிறு

நடந்துதான் போனேன். குளக்கரை வழியாகக் கால் மணி நேரம். அறுபத்தெட்டு வருஷத்தில் இந்தப் பாதையில் இதுதான் எனக்கு முதல் தடவை.

சமுதாயக் கூடத்துக்கு முன்னால் பந்தல். இருநூறு பேர் இருப்பார்கள். மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஞானசுந்தரி. நான் வந்ததும் எழுந்து, "உட்காருங்க சார்" என்றார். எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

மாலையை எடுத்தார்கள். நான் கையை நீட்டித் தடுத்தேன். "முதல்ல ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஞானசுந்தரியிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்றுதான் அப்படிச் சொன்னேன். இதையும் எழுதிவிடுகிறேன். அவரிடம் தனியாகச் சொல்லி, அவர் மன்னித்துவிட்டால், மாலையை வாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் போனேன்.

"அந்தக் கம்பிய நான் தொண்ணூத்தி மூணுலயே பாத்தேன். படத்துல போட்டுட்டு அப்புறம் அழிச்சேன். உங்க அப்பா மனு தள்ளுபடி ஆனது என்னாலதான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கேட்டுது சார். பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல. மைக்ல சொல்லுங்க."

சொன்னேன். பென்சிலையும் ரப்பரையும் சொன்னேன். பிரம்மாவைச் சொன்னேன். 1925 தீர்மானம் மனப்பாடமாக இருந்தது, அதையும் வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். மாலையைப் பிடித்திருந்தவர் அதை மேஜை மேல் வைத்துவிட்டார். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, காதருகே கையை வைத்து எதையோ கேட்டார்.

"யாரு அழிச்சதுன்னு கேக்காரு. அவரும் எங்க அப்பா கூட நின்னவரு" என்றார் ஞானசுந்தரி. "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"நான்தான் அழிச்சேன். ஆவுடையப்பன். டிராயிங் மாஸ்டர்."

என் குரல் போய், எங்கோ மோதி, எனக்கே திரும்பக் கேட்டது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பந்தல் மூங்கிலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். இரண்டும் கூட்டத்தைப் பார்த்து இல்லை. குளத்துக்கு மேலாக, கிழக்கே, ஊரைப் பார்த்துக் கட்டியிருந்தது.

அதை யார் அப்படிக் கட்டச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பெரியவர் மறுபடியும் காதருகே கையை வைத்தார். நான் மைக்கை வாய்க்குக் கிட்டே பிடித்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.